பிழை பொறுக்கும் வலை

1999 வாக்கில் செய்த தமிழ் வலைப்பக்கம் ஒன்றை இன்றைய உலாவியில் திறந்தால் விநோதமான காட்சி ஒன்று கிடைக்கும். பக்கம் தடையின்றித் திறக்கிறது. அட்டவணைக் கட்டங்கள் போட்டது போட்டபடி நிற்கின்றன. தலைப்புக்குக் கீழே ஓடவிட்ட எழுத்து இன்றும் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னணி நிறம், நீலத்தில் அடிக்கோடிட்ட இணைப்புகள் எல்லாம் அப்படியே. ஆனால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. தமிழ் இருந்த இடமெல்லாம் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசை கட்டி நிற்கின்றன.

அன்று அந்தப் பக்கத்தைக் காட்டிய நெட்ஸ்கேப் உலாவி இன்று இல்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாஃப்ட் 2022இல் ஓய்வு கொடுத்துவிட்டது. உலாவிகளே போனபின்னும் கட்டங்கள் பிழைத்தன; எழுத்து மட்டும் பிழைக்கவில்லை. கட்டங்கள் எல்லா உலாவிகளுக்கும் பொதுவான எச்டிஎம்எல் மொழியில் எழுதப்பட்டவை. எழுத்துகளோ அந்தத் தளம் தனக்கென்று வைத்துக்கொண்ட எழுத்துருவை நம்பியவை. எழுத்துரு போனதும் எழுத்தும் போயிற்று.

வலை நிரலாக்க உலகில் முப்பது ஆண்டுகளாக நடக்கும் சண்டைகளில் பெரியவற்றை எடுத்துப் பார்த்தால், அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: பழையதை எதுவரை காப்பாற்றுவது, அதற்கான விலையை யார் கொடுப்பது? மக்கள் பயன்படுத்திவரும் பக்கத்தை உடைக்கக் கூடாது என்பதே வலையின் முதல் சட்டம். எந்தக் குழுவும் கூடி இயற்றாத சட்டம் அது. தூய்மையை நாடிய பெரிய முயற்சிகள் அதில் மோதித்தான் கவிழ்ந்தன. பொதுவில் ஒப்புக்கொண்டு எழுதி வைத்ததை மட்டுமே அந்தச் சட்டம் காக்கும் என்பதற்கு நம் பழைய தமிழ்ப் பக்கமே சாட்சி.

முதலில் செய்தவர் வைத்ததே சட்டம்

1993 பிப்ரவரியில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் உலாவியை எழுதிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன், பக்கத்துக்குள் படம் காட்ட ஒரு புதிய குறிச்சொல் வேண்டும் என்று சக நிரலாளர்களுக்கு எழுதினார். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ உட்படச் சிலர் வேறு வழிகளைச் சொன்னார்கள். படத்துக்கு மட்டும் எதற்குத் தனிக் குறி, எல்லா வகைக் கோப்புக்கும் பொதுவாக ஒன்று செய்யலாமே என்றும் யோசனை வந்தது. வாதத்தில் நியாயம் இருந்தது, ஆனால் மொசைக் வெளிவந்துவிட்டது. ஆண்ட்ரீசன் சொன்ன குறியைத்தான் இன்றுவரை உலகம் எழுதுகிறது.

இந்த வழக்கம் ஒரு வேடிக்கையான பொய்யையும் நிலைநிறுத்தியது. ஒவ்வோர் உலாவியும் வழங்கியிடம் பக்கம் கேட்கும்போது தன் பெயரைச் சொல்ல வேண்டும். நெட்ஸ்கேப் தன்னை ‘மொசில்லா’ என்றது. அதற்கென்று நல்ல பக்கங்களையும் மற்ற உலாவிகளுக்கு எளிய பக்கங்களையும் சில தளங்கள் அனுப்பின. பின்னால் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் தானும் மொசில்லாதான் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தது. அடுத்தடுத்து வந்தவையும் அதையே செய்தன. இன்று குரோம், சஃபாரி எல்லாமே ‘மொசில்லா’ என்ற சொல்லோடுதான் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. அதை எடுத்துவிட்டால் எங்கோ ஒரு பழைய தளம் உடையுமோ என்ற அச்சம்தான் காரணம்.

உலாவிகள் தொடக்கத்திலிருந்தே இன்னொரு பழக்கத்தையும் வைத்திருந்தன: பிழையாக எழுதினாலும் கோபித்துக்கொள்ளாமல் இயன்றதைக் காட்டுவது. ஒருவர் தடித்த எழுத்தைத் தொடங்குகிறார், அதற்குள் சாய்வெழுத்தைத் தொடங்குகிறார். மூடும்போது உள்ளே இருக்கும் சாய்வை மூடாமல் வெளியே இருக்கும் தடிப்பை முதலில் மூடிவிடுகிறார். பெட்டிக்குள் பெட்டி என்ற கணக்கில் இது அபத்தம். ஆனால் எழுதியவரின் எண்ணம் யாருக்கும் புரியும். உலாவியும் புரிந்துகொண்டதுபோல் காட்டிவிடும். நிரலாளர் அல்லாத கோடிக்கணக்கானோர் வலையில் எழுத வந்ததற்கு இந்தப் பொறுமை முக்கியக் காரணம். சிக்கல் ஒன்றுதான்: ஒவ்வோர் உலாவியும் தன் போக்கில் பொறுத்தது. ஒரே பிழையை நெட்ஸ்கேப் ஒரு விதமாகவும் எக்ஸ்ப்ளோரர் இன்னொரு விதமாகவும் திருத்திக் காட்டின.

கண்டிப்பின் காலம்

வலைத் தரநிலைகளுக்காக 1994இல் தொடங்கப்பட்ட டபிள்யூ3சி அமைப்புக்கு இந்தக் குழப்பம் உறுத்தியது. 1998 பிப்ரவரியில் அது வெளியிட்ட எக்ஸ்எம்எல் ஒரு மருந்தாகத் தெரிந்தது. அதன் விதி எளியது: இலக்கணப் பிழை ஒன்று கண்டாலும் வாசிப்பதை நிறுத்து, பிழை என்று சொல். எச்டிஎம்எல்லை இந்தப் பாதைக்குக் கொண்டுவருவது என்று அதே ஆண்டு முடிவாயிற்று. 2000 ஜனவரியில் எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 வந்தது.

ஆதரித்தவர்களின் வாதத்தை இன்று கேலி செய்வது எளிது. ஆனால் அது வலுவான வாதம். சுத்தமாக எழுதிய பக்கத்தைச் சிறிய கருவிகளும் எளிதாக வாசிக்கும். பிழையைத் திருத்திக் காட்டும் சுமை உலாவிக்கு இருக்காது. புதிதாக உலாவி எழுத வருபவர் பழைய உலாவிகளின் கோணங்கித்தனங்களைப் படித்துப் பின்பற்றவும் தேவையில்லை. ஒரு தலைமுறை நிரலாளர்கள் இதை நம்பி, மூடாத குறிகளையெல்லாம் தேடித் தேடி மூடினார்கள்.

நடைமுறை வேறாக இருந்தது. எக்ஸ்எச்டிஎம்எல்லின் கண்டிப்பு முழுமையாக நடக்க வேண்டுமானால் வழங்கி அந்தப் பக்கத்தைத் தனி வகைப் பெயரோடு அனுப்ப வேண்டும். அந்நாளில் சந்தையை ஏறக்குறைய முழுதாகப் பிடித்திருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு அந்த வகைப் பெயர் புரியாது. பக்கத்தைக் காட்டாமல், கோப்பாகச் சேமிக்கட்டுமா என்று கேட்கும். அதனால் எல்லோரும் எக்ஸ்எச்டிஎம்எல்லில் எழுதிவிட்டு, சாதாரண எச்டிஎம்எல் என்ற பெயரில் அனுப்பினார்கள். உலாவியும் அதைப் பழைய பொறுமையோடுதான் வாசித்தது. சீருடை மாறியது, நடத்தை மாறவில்லை.

உண்மையாகவே கண்டிப்பைக் கடைப்பிடித்த சிலர் வேறு விதமாக அவதிப்பட்டார்கள். எக்ஸ்எம்எல்லில் ‘அண்டு’ (&) குறியைத் தனியாக எழுதக் கூடாது. அதற்கென்று உள்ள மாற்று வடிவில்தான் எழுத வேண்டும். பக்கத்தின் அடியில் வாசகர் ஒருவர் ஒட்டிய முகவரியில் அந்தக் குறி ஒன்று நழுவி வந்துவிட்டால் போதும், முழுப் பக்கமும் மறைந்து மொசில்லா உலாவியில் மஞ்சள் திரையில் பிழைச் செய்தி தோன்றும். எழுதியவரின் தவறுக்குத் தண்டனை வாசிக்க வந்தவருக்கு.

இரண்டு நாள் இடைவெளி

2004 ஜூன் முதல் வாரம் சான் ஹொசேயில் டபிள்யூ3சி ஒரு பயிலரங்கு நடத்தியது. உலாவி செய்யும் மொசில்லாவும் ஓபராவும் சேர்ந்து ஒரு யோசனை வைத்தன: வலையில் இப்போது இருப்பதை உடைக்காமல், எச்டிஎம்எல்லையே வளர்ப்போம், பிழை நேர்ந்தால் உலாவி என்ன செய்ய வேண்டும் என்பதையும் தரநிலையிலேயே எழுதுவோம். யோசனை ஏற்கப்படவில்லை. டபிள்யூ3சி அப்போது எக்ஸ்எச்டிஎம்எல் 2.0 என்ற அடுத்த பதிப்பில் மூழ்கியிருந்தது. பழைய பக்கங்களோடு ஒத்துப்போகும் கட்டாயம் அதற்கு இல்லை என்றே திட்டம். பயிலரங்கு முடிந்த இரண்டாம் நாள், ஜூன் 4இல், மொசில்லா, ஓபரா, ஆப்பிள் உலாவிகளில் பணியாற்றியவர்கள் வாட்-டபிள்யூஜி என்ற தனிக் குழுவை அறிவித்தார்கள்.

அந்தக் குழுவில் இயன் ஹிக்சன் முன்னின்று செய்த வேலையை ஊரில் வழக்காறு தொகுப்பவரின் வேலையோடு ஒப்பிடலாம். உலாவிகள் உண்மையில் என்ன செய்கின்றன என்று நுணுக்கமாகப் பார்த்து, பொதுவானதை விதியாக எழுதினார்கள். எந்தக் குப்பையைக் கொடுத்தாலும் எல்லா உலாவிகளும் ஒரே விதமாக வாசிக்கும்படி படிப்படியான செய்முறை உருவாயிற்று. மேலே சொன்ன தடிப்பு-சாய்வுப் பிழைக்கும் அதில் இடம் உண்டு. இடம் மாறிய துண்டுகளை எடுத்துப் புதிய பெற்றோருக்குக் கீழே வைக்கும் அந்தச் செய்முறைக்குத் ‘தத்தெடுப்பு முகமை’ என்றே பெயர். பிழை இனி ஒவ்வோர் உலாவியின் தனி விருப்பம் இல்லை. பிழைக்கும் இலக்கணம் வந்துவிட்டது.

2006 அக்டோபரில் பெர்னர்ஸ்-லீ, உலகம் முழுவதையும் ஒரே மூச்சில் எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றும் முயற்சி பலிக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். 2009இல் எக்ஸ்எச்டிஎம்எல் 2 கைவிடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 2014 அக்டோபரில் எச்டிஎம்எல்5 டபிள்யூ3சியின் முறையான தரநிலையாயிற்று. அதற்குப் பிறகும் இரு அமைப்புகளும் ஆளுக்கொரு பிரதியை வைத்திருந்து முட்டிக்கொண்டன. 2019 மே மாதம்தான் எச்டிஎம்எல்லின் மூலம் வாட்-டபிள்யூஜியிடமே இருக்கும் என்று உடன்பாடு ஏற்பட்டது.

வாட்-டபிள்யூஜி சிந்தனைக்குக் கொள்கை வரிசை ஒன்று உண்டு: மோதல் வந்தால் முதலில் பயனர், அடுத்து பக்கம் எழுதுபவர், அடுத்து உலாவி செய்பவர், அடுத்து தரநிலை எழுதுபவர், கடைசியில்தான் கோட்பாட்டுத் தூய்மை. எக்ஸ்எச்டிஎம்எல் கடைசியில் இருப்பதை முதலில் வைத்தது என்பதே அதன் தோல்விக்கான சுருக்கமான விளக்கம்.

ஒரு வானிலைத் தளமும் ஒரு பெயர்ச் சண்டையும்

உடைக்காதே என்ற சட்டம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 2018 மார்ச் காட்டியது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரநிலையைக் கவனிக்கும் டிசி39 குழு, பட்டியலுக்குள் பட்டியலாக இருப்பதை ஒரே பட்டியலாக விரித்துக் கொடுக்கும் புதிய செயலுக்கு, தட்டையாக்குதல் என்ற பொருளில் ‘ஃபிளாட்டன்’ என்று பெயர் வைத்திருந்தது. ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் அது சேர்ந்தவுடன் ஜெர்மனியின் ஒரு வானிலைத் தளம் ஒழுங்காக வேலை செய்யாமல் போயிற்று.

காரணம் மூடூல்ஸ் என்ற பழைய நிரல் தொகுப்பு. அது அதே பெயரில் தன் சொந்தச் செயலை ஜாவாஸ்கிரிப்டின் பட்டியல் வகையில் ஏற்கெனவே ஒட்டி வைத்திருந்தது. பிறகு பட்டியல் வகையில் கண்ணுக்குத் தெரியும் செயல்களை ஒவ்வொன்றாக எண்ணி இன்னோர் இடத்துக்கும் படி எடுத்துக்கொள்ளும். மொழியோடு பிறந்த செயல்களுக்கு ‘எண்ணிக்கையில் வராதே’ என்ற அடையாளம் உண்டு. மொழியே ஃபிளாட்டனைத் தந்தபின் மூடூல்ஸ் தன்னுடையதை அதன்மேல் எழுதியது. ஆனால் பழைய அடையாளம் அப்படியே ஒட்டிக்கொண்டது. படி எடுக்கும்போது அந்தச் செயல் எண்ணிக்கையில் விடுபட்டது, தளம் உடைந்தது.

பெயரை மாற்றலாம் என்ற பேச்சில் குழு உறுப்பினர் ஒருவர், நசுக்கிப் பிசைவதைக் குறிக்கும் விளையாட்டுச் சொல்லான ‘ஸ்மூஷ்’ வைக்கலாம் என்றார். நகைச்சுவையாக வந்த சொல் பெரிய சண்டையாயிற்று. யாரும் புதிதாகப் பயன்படுத்தாத ஒரு தொகுப்புக்காக உலகம் முழுவதும் இனி எப்போதும் கேலிச்சொல்லை எழுத வேண்டுமா, உடைகிற தளங்கள் தாமே திருத்திக்கொள்ளட்டுமே என்று ஒரு தரப்பு கேட்டது. மறுதரப்பின் பதில் கேட்பதற்கு எளியது: பல தளங்களுக்கு இன்று பராமரிப்பவரே இல்லை. செய்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், இறந்தும் இருப்பார். அந்தப் பக்கத்தைத் தேடி வரும் வாசகருக்கு மூடூல்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. மே மாதம் ‘ஃபிளாட்’ என்ற குட்டைப் பெயரில் சமரசம் பிறந்தது. அந்த மொழியின் 2019 பதிப்பில் அது இருக்கிறது.

பொறுமையின் கடன்

எதையும் உடைக்காமல் வாழ்வது இலவசம் இல்லை. 1995 மே மாதம் பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் எழுதிய முதல் ஜாவாஸ்கிரிப்டில், ‘ஒன்றுமில்லை’ என்பதைக் குறிக்கும் மதிப்பின் வகை என்னவென்று கேட்டால் ‘பொருள்’ என்று பதில் வரும். அது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். திருத்த வேண்டும் என்ற முன்மொழிவும் வந்தது; அந்தத் தவறை நம்பி ஓடும் நிரல்கள் உடையும் என்பதால் நிராகரிக்கப்பட்டது. எக்ஸ்ப்ளோரர் அறிமுகப்படுத்திய பழைய அம்சம் ஒன்று இதைவிட விநோதம். சில பக்கங்கள் அதை நேராகப் பயன்படுத்தின, ஆகவே எல்லா உலாவிகளும் அதை வைத்திருக்க வேண்டும். வேறு சில பக்கங்கள் அது இருந்தால் இது எக்ஸ்ப்ளோரர் என்று முடிவு கட்டின, ஆகவே அது இல்லாததுபோல் காட்டவும் வேண்டும். இருந்துகொண்டே ‘நான் இல்லை’ என்று சொல்லும் அந்தப் பொருளுக்காகத் தரநிலையில் தனி விதிவிலக்கே எழுதியிருக்கிறார்கள்.

தமிழில் நிரல் எழுதுபவர் இந்தக் கடனுக்கு வட்டி கட்டுகிறார். ஜாவாஸ்கிரிப்டிடம் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் கேட்டால் 5 என்கிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை மூன்று என்று சொல்லும். மொழி எண்ணுவது எழுத்துகளை அல்ல, யூனிகோடு சேமிப்பின் கூறுகளை: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இதே கூறுகளைத் தலைகீழாகத் திருப்பினால் புள்ளி முதலில் வந்து, உட்கார மெய் இல்லாமல் வெற்று வட்டத்தின்மேல் தொங்கும். இகரம் மகரத்தை விட்டு ழகரத்தில் ஏறிக்கொள்ளும். நீளத்தின் பொருளை மாற்ற முடியாது. அதை நம்பி உலகமே ஓடுகிறது. ஆகவே தீர்வு பக்கத்தில் புதிதாக வந்தது. மனிதர் எண்ணுவதுபோல் எழுத்துகளைப் பிரிக்கும் ஒரு கருவியை 2020இல் குரோம் சேர்த்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2024இல் சேர்த்தபின்தான் முக்கிய உலாவிகள் அனைத்திலும் அது கிடைத்தது. அதனிடம் கேட்டால் த, மி, ழ் என்று மூன்றாகச் சரியாகப் பிரித்துத் தரும்.

எழுத்தின் இடம்

இதே வாதம் தமிழ் எழுத்துக் குறியீட்டில் இன்னும் சூடாக நடந்தது. யூனிகோடின் 1991 பதிப்பிலேயே தமிழ் இருந்தாலும், உலாவிகளும் இயங்குதளங்களும் அதைக் காட்டத் தொடங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. இடைக்காலத்தில் தளத்துக்கொரு எழுத்துரு. புலம்பெயர்ந்த தமிழர்களும் ஆர்வலர்களும் டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் குறியீடுகளை அறிவித்தது. 2003க்குப் பிறகு வலைப்பதிவுகளும் தமிழ் விக்கிப்பீடியாவும் யூனிகோடில் எழுந்தபோதுதான் ஒரே தமிழ் எல்லா இடத்திலும் தெரிந்தது.

‘மி’ ஓர் எழுத்து, அதை ஏன் இரண்டு கூறுகளாகச் சேமிக்க வேண்டும் என்ற கேள்வி அதோடு ஓயவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16 அந்தக் கேள்விக்கு எழுந்த விடை. வரிசைப்படுத்தவும் மொழியை ஆராயவும் அது சுலபம் என்பதில் உண்மை உண்டு. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு அதையும் தரமாக அறிவித்தது. ஆனால் யூனிகோடு 1996இல் கொரிய எழுத்துகளை இடம் மாற்றிப் பட்ட பாட்டுக்குப் பிறகு, ஒருமுறை வைத்த எழுத்தை இனி நகர்த்துவதில்லை என்று உறுதி பூண்டுவிட்டது. டேஸ்16க்குக் கிடைத்தது எவரும் தம் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ளும் தனிப்பயன் பகுதி. அதற்கான எழுத்துரு இல்லாத கணினியில் அந்தத் தமிழும் படிக்க முடியாதது. எக்ஸ்எச்டிஎம்எல்போல, இலக்கணத்தில் அழகானது, தாமதமாக வந்தது.

யார் வீட்டுச் சாவி

உடைக்காதே என்ற சட்டம் முழுமையானது என்றும் சொல்ல முடியாது. கண் சிமிட்டும் எழுத்தை ஃபயர்ஃபாக்ஸ் 2013இல் நிறுத்தியது; சிமிட்டாவிட்டாலும் எழுத்து படிக்கக் கிடைக்கும் என்பதால் யாரும் அழவில்லை. ஓடும் எழுத்தோ, இனி எழுதாதீர்கள், ஆனால் உலாவிகள் காட்டியாக வேண்டும் என்ற நிலையில் தரநிலையில் இன்றும் நிற்கிறது. நம் அரசு அலுவலகத் தளங்கள் பல அதை நம்பித்தான் அறிவிப்பு ஓட்டுகின்றன.

2021இல் பக்கத்துக்குள் பதித்த வேறு தளத்தின் பக்கங்கள் எச்சரிக்கைப் பெட்டி காட்டுவதைக் குரோம் தடுத்தபோது, நிரலாக்கம் கற்பிக்கும் தளங்கள் உடைந்தன. எதிர்ப்பு எழுந்து, மாற்றம் தள்ளிவைக்கப்பட்டது. 2025இல் எக்ஸ்எம்எல் கோப்பைப் பக்கமாக மாற்றிக் காட்டும் எக்ஸ்எஸ்எல்டி வசதியை நீக்கும் திட்டம் வந்தது. பாதுகாப்பு ஓட்டைகள், குறைந்த பயன்பாடு என்று காரணம் சொன்னார்கள். குறைந்த பயன்பாடு என்றால் எத்தனை பேர், அந்தச் சிலருக்காக யார் பேசுவது என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குக் கூர்மை கூடிவிட்டது. ஓபரா 2013இலும் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் 2020இலும் பக்கத்தைக் காட்டும் தங்கள் சொந்த இயந்திரங்களைக் கைவிட்டுக் குரோமின் இயந்திரத்துக்கு மாறின. வாட்-டபிள்யூஜியை வழிநடத்தும் குழுவில் இருப்பவை ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா என்ற நான்கு. முதலில் பயனர் என்று கொள்கை சொல்கிறது. பயனரின் பெயரால் முடிவெடுப்பது அந்த நான்கு. எக்ஸ்எச்டிஎம்எல் காலத்துக் குழுக்கள் நடைமுறை அறியாதவை என்ற குற்றச்சாட்டு சரியே. ஆனால் அவற்றில் உலாவி விற்காதவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் திறந்த அந்தத் தமிழ்ப் பக்கத்துக்குத் திரும்பலாம். அதைப் படிக்க வழி இருக்கிறது. என்எச்எம் கன்வர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் அந்த ஐரோப்பிய எழுத்துகளை ஒட்டி, எந்தக் குறியீடு என்று தேர்ந்தெடுத்தால் யூனிகோடு தமிழ் வந்து விழும். டிஸ்கி, டாப் என்றால் தடையில்லை. எந்த எண்ணில் எந்த எழுத்து என்ற அட்டவணையை யாரோ பொதுவில் எழுதி வைத்தார்கள். ஒரு தளம் யாரிடமும் சொல்லாமல் செய்துகொண்ட எழுத்துருவாக இருந்தால், எழுத்துக்கு எழுத்து ஊகித்து அட்டவணையைப் புதிதாகக் கட்ட வேண்டும். அதுவரை அந்தப் பக்கத்தில் ஓடும் எழுத்து, என்ன சொல்கிறதென்று தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும்.